2008 இரவுப் பந்தயம்: ஆசிரியர் பதில்

கேள்வி: நம் சிங்கப்பூரில் நடந்த முதல் ஃபார்முலா 1 கார் பந்தயம் தொடர்பாக, அப்போது ஃபெராரி அணியில் ஓட்டிய ஃபெலிப்பே மாசா, 2008 பட்டம் தனக்கு வந்திருக்க வேண்டும் என்று லண்டன் நீதிமன்றம் வரை போயிருக்கிறார். எரிபொருள் குழாயோடு காரைக் கிளப்பிவிட்டது அவர் அணிதானே? பழைய குப்பையை எதற்குக் கிளற வேண்டும்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: குழாய் விஷயத்தில் தவறு ஃபெராரியுடையதுதான். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த மாசா 13ஆவதாக முடித்தது அதனால்தான். ஆனால் அதைக் காட்டி அந்த இரவின் குற்றத்தை மூடிவிட முடியாது.

ரெனோ அணியின் ஓட்டுநர் அலோன்சோ 15ஆவது இடத்திலிருந்து புறப்பட்டு, 12ஆவது சுற்றிலேயே பிட்டுக்குள் (கார்களுக்கு எரிபொருள் நிரப்பி, சக்கரம் மாற்றும் இடம்) வந்து எரிபொருள் நிரப்பிக்கொண்டார். சற்று நேரத்தில் அதே அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர், 17ஆவது திருப்பத்தில் வேண்டுமென்றே சுவரில் மோதினார். கிரேன் இல்லாத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்; உடைந்த காரை அகற்றும்வரை எல்லாரையும் மெதுவாகத் தன் பின்னால் வரவைக்கும் பாதுகாப்பு கார் வந்தே தீரும். மற்றவர்கள் பிட்டுக்கு ஓடியபோது, அந்த வேலையை முன்பே முடித்திருந்த அலோன்சோ முன்னேறி ஜெயித்தார். சதி அவருக்குத் தெரிந்திருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது பின்னர் நடந்த விசாரணை.

கோப்பை யாருக்குப் போனது என்பதைவிட எனக்குப் பொறுக்காதது வேறு. கிரேன் இல்லையென்றால் உடைந்த துண்டுகளை மனிதர்கள்தான் இறங்கிப் பொறுக்க வேண்டும், மற்ற கார்கள் ஓடிக்கொண்டிருக்கும் தடத்தில். வேலிக்கு அப்பால் காசு கொடுத்து வந்த குடும்பங்கள். தெறித்த சக்கரம் ஒன்று போதாதா? இத்தனை பேர் உயிரையும் பணயம் வைத்தார்கள், ஒரு வெற்றிக்காக!

அணி தன்னைக் கழற்றிவிட்ட பிறகு, 2009இல் பிக்கே உண்மையைச் சொன்னார். அணித் தலைவர் பிரியாத்தோரேவுக்கும் பொறியாளர் சைமண்ட்ஸுக்கும் கார் பந்தய நிர்வாக அமைப்பு விதித்த தடையை 2010 ஜனவரியில் பிரெஞ்சு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பந்தய முடிவில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

அதற்காகப் பட்டத்தை மாசாவிடம் தூக்கிக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு பட்டம் வென்ற மெக்லாரன் அணியின் ஹாமில்டன் 98 புள்ளி, மாசா 97. சிங்கப்பூரில் மூன்றாவதாக வந்ததற்கான 6 புள்ளியைக் கழித்தால் ஹாமில்டனுக்கு 92தான். கணக்கு சரி, நியாயம் சரியில்லை. ஐந்தாம் இடம் போதும் என்று தெரிந்துதான் ஹாமில்டன் கடைசிப் பந்தயத்தை பிரேசிலில் ஓட்டினார். ஒரு பாவமும் அறியாதவர் அவர்.

சிங்கப்பூர் முடிவை மட்டும் அன்றே செல்லாது என்று அறிவித்திருக்க வேண்டும். 2008லேயே விஷயம் தெரியும் என்று, அப்போது ஃபார்முலா 1 வணிகத்தின் தலைவராக இருந்த பெர்னி எக்ல்ஸ்டோன் கூறியதாக 2023இல் ஒரு பேட்டி வந்தது. அப்படிச் சொன்ன நினைவில்லை என்றார் பிறகு. யாருக்கு, எப்போது தெரிந்தது, ஏன் வாயை மூடிக்கொண்டார்கள் என்று ஒரு நீதிபதி கேட்கட்டும். மாசா கேட்காவிட்டால், நடந்தது நம் தெருவில் என்பதால், நாம் கேட்டிருக்க வேண்டும்.