ரேடியேட்டருக்குப் பழைய பாணி கைத்திருகு வால்வு: கேள்வி பதில்

லண்டனில் வீட்டு ஹீட்டிங் வேலை பார்க்கிறேன். பித்தளையிலும் மரக் கைப்பிடியோடும் வருகிற பழைய பாணி ரேடியேட்டர் வால்வுகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாய்லரைத் திறக்கிற கேள்விகள் மட்டும் வேண்டாம். அதற்கு காஸ் சேஃப் என்கிற காஸ் வேலைக்காரர் பதிவேட்டில் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும், சட்டம் அப்படி. வால்வு மாற்றுவது வெறும் தண்ணீர் வேலை. கை வரும் என்றால் நீங்களே செய்யலாம்.

ஹாரோவிலிருந்து: அண்ணா, விக்டோரியா காலத்து வீடு வாங்கியிருக்கிறோம். வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்குப் பொருத்தமாகப் பித்தளை வால்வு போட ஆசை. ஆங்கிள், ஸ்ட்ரெயிட், கார்னர் என்று மூன்று விதம் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

வால்வைப் பார்ப்பதற்கு முன்னால் குழாயைப் பாருங்கள். தரையிலிருந்து மேலே வந்தால் ஆங்கிள். பெரும்பாலான வீடுகளில் அதுதான். சுவரிலிருந்து வெளியே வந்தால் கார்னர் வாங்குங்கள், கைப்பிடி நிமிர்ந்து நிற்கும். அங்கேயும் ஆங்கிளைப் போடலாம், ஆனால் கைப்பிடி அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், போகிற வருகிறவர்களின் காலில் இடிக்கும். குழாய் சுவரோரமாகப் படுத்து வந்து ரேடியேட்டருக்குள் நேராக நுழைந்தால்தான் ஸ்ட்ரெயிட்.

அடுத்தது குழாயின் தடிமன். இங்கே பொதுவாக 15 மில்லிமீட்டர் செம்பு. 1970, 80களில் ஹீட்டிங் போட்ட வீடுகளில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய் இருக்கலாம், அதற்குக் குறைப்பான் வேண்டும். அதற்கும் முந்தியது என்றால் அரை அங்குலக் குழாய். 15க்கான ஆலிவ் வளையம், அதாவது நட்டை முடுக்கும்போது குழாயைக் கடித்து அடைக்கிற வளையம், அதன்மேல் பெரும்பாலும் சரியாகப் பிடித்துக்கொள்ளும். முக்கால் அங்குலமாக இருந்தால் 22க்கான வளையத்தை அப்படியே போடாதீர்கள், அதற்குத் தனி வளையம் உண்டு.

ரேடியேட்டர் பக்கத்து மரை இப்போது வருவதில் எல்லாம் அரை அங்குலம். பழைய கட்டடத்திலிருந்து கழற்றி விற்கிற வார்ப்பிரும்பில் துளை பெரிதாக இருக்கும், புஷ் என்கிற மரை வளையம் போட்டுக் குறைக்க வேண்டும். இன்னொன்று, பழைய பாணி வால்வின் உடம்பு நீளம். முன்பிருந்த வால்வுக்கு நேராக நின்ற குழாய் இதற்கு ஒரு விரல் தள்ளி நிற்கும். அதை இழுத்து வளைத்து மாட்டாதீர்கள். இன்று பிடிக்கும், அடுத்த குளிர்காலத்தில் ஒழுகும்.

ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒரு முனைக்குக் கைத்திருகு, மறு முனைக்கு லாக்ஷீல்டு, அதாவது ஓட்டத்தை ஒரு தடவை அளவாக வைத்து மூடி போட்டுவிடுகிற வால்வு. குழந்தைகள் இருந்தால் மரக் கைப்பிடி எடுங்கள், முழு உலோகம் கையைச் சுடும்.

இல்ஃபோர்டிலிருந்து: எல்லா அறைக்கும் இதையே போட்டுவிடலாமா? பார்க்க அழகாக இருக்கிறது.

வேண்டாம். கைத்திருகுக்கு அறையின் சூடு தெரியாது. நீங்கள் திறந்து வைத்த அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் வால்வு அறை சூடேறியதும் தானே சுருக்கிக்கொள்ளும். அதன் தலையில் உள்ள எண்களில் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. கைத்திருகுக்கு உரிய இடம், சுவர் தெர்மோஸ்டாட் இருக்கிற அறை. அங்கே தானியங்கி வால்வைப் போட்டால் அது முந்திக்கொண்டு மூடிவிடும். அறை இன்னும் குளிர் என்று நினைத்துச் சுவர் தெர்மோஸ்டாட் பாய்லரை நிறுத்தாது. மற்ற அறைகளுக்குப் பித்தளையிலேயே, பழைய தோற்றத்திலேயே தெர்மோஸ்டாட் வால்வு கிடைக்கிறது. இங்கிலாந்தில் பாய்லரை மாற்றும்போது அறைக்கு அறை வெப்பக் கட்டுப்பாடு வேண்டும் என்று கட்டட விதிகள் சொல்கின்றன, முடியாத இடங்களுக்கு விலக்கு உண்டு. அதனால் இன்று எல்லா அறைக்கும் கைத்திருகு வாங்கினால் நாளைக்கு மறுபடி செலவு.

டூட்டிங்கிலிருந்து: வால்வை நாமே மாற்றலாமா? தண்ணீரை இறக்காமல் முடியுமா?

ரேடியேட்டரை மட்டும் கழற்றுவதென்றால் இரண்டு வால்வையும் மூடினால் போதும். இங்கே கழற்றப்போவது வால்வையே. ஆகவே தண்ணீரை இறக்குங்கள். குழாயை உறைய வைக்கிற கருவி இருக்கிறது, முதல் தடவை செய்கிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பாய்லரை அணைத்துத் தண்ணீரை ஆறவிடுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிற பழைய முறை என்றால், முதலில் தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்துங்கள். தாழ்வான இடத்தில் வடிகுழாய் இருக்கும், ஹோஸ் மாட்டி வெளியே விடுங்கள். மேல்மாடி ரேடியேட்டர்களின் காற்றுத் திருகைத் திறந்தால் வேகமாக இறங்கும். வருவது கறுப்பு மைபோல இருக்கும், கம்பளத்தில் பட்டால் போகாது.

ரேடியேட்டருக்குள் போகிற மரையில் பிளம்பர் போடுகிற வெள்ளை டேப்பைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். மரையின் முனை உங்களைப் பார்க்க, கடிகாரம் சுற்றும் திசையில். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போது பிரிந்து வந்துவிடும். குழாய்ப் பக்கத்து நட்டின் மரைக்கு டேப் வேண்டாம். அங்கே அடைப்பது ஆலிவ் வளையம், மரை அல்ல. முடுக்கும்போது ஒரு ஸ்பேனரால் வால்வின் உடம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். குரோமியம் பூசிய குழாய் என்றால் வளையம் உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி எடுங்கள், வழுக்குப் பூச்சில் வளையம் கடிக்காது.

தொட்டி இல்லாத காம்பி பாய்லரானால் ஆறிய நிலையில் அழுத்தம் 1 முதல் 1.5 பார் வரை வரும்படி நிரப்பிக் காற்றை எடுங்கள். துருத்தடுப்பு மருந்தைத் திரும்பச் சேருங்கள். இறக்கிய தண்ணீரோடு பழைய மருந்தும் போய்விட்டது. இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

லூட்டனிலிருந்து: நாமே மாற்றலாமா?

மேலே பாருங்கள். மருந்தை மறக்காதீர்கள்.

டொரொன்டோவிலிருந்து: எங்கள் அடுக்குமாடியில் ரேடியேட்டர் வால்வு இறுகிவிட்டது.

கட்டட நிர்வாகத்திடம் சொல்லுங்கள், தொடாதீர்கள்.

நியூயார்க்கிலிருந்து: ஒற்றைக் குழாய் நீராவி ரேடியேட்டர். வால்வைப் பாதி திறந்து சூட்டைக் குறைக்கலாமா?

கூடாது. முழுக்கத் திற, அல்லது முழுக்க மூடு. நீராவி உள்ளே போவதும் குளிர்ந்த தண்ணீர் திரும்புவதும் அதே குழாயில்தான். பாதி திறந்தால் தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, குழாய் சம்மட்டி அடித்தாற்போல் தட்டும். இது என் துறை அல்ல, அங்குள்ள நீராவி வேலைக்காரரைக் கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து: ஆள் இல்லாத அறை வால்வை மூடினால் காஸ் மிச்சம். நான் மூடித்தான் வைக்கிறேன்.

க்ராய்டனிலிருந்து: அக்கா, அது பொய்க்கணக்கு. பக்கத்து அறைச் சூடு சுவர் வழியாக அங்கே ஓடிவிடும்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து: பில் கட்டுகிறது நான், தம்பி. குறைந்திருக்கிறது.

க்ராய்டனிலிருந்து: போன குளிர்காலம் எப்படி இருந்தது என்று பார்த்தீர்களா?

இரண்டு பேரும் நிறுத்துங்கள், நான் சொல்கிறேன். அக்கா சொல்வதில் உண்மை உண்டு. குளிர்ந்த அறையின் வெளிச்சுவர் வழியாக வெளியே போகிற சூடு குறைவு, ஆகவே மிச்சம் உண்டு. தம்பி சொல்வதும் சரி. உள்சுவர்களில் காப்பு இல்லாததால் பக்கத்து ரேடியேட்டர்கள் அந்த அறைக்கும் சேர்த்து உழைக்கும், மிச்சம் எதிர்பார்த்த அளவுக்கு வராது. புகையின் சூட்டையும் பிடித்துக்கொள்கிற கண்டென்சிங் பாய்லர் நன்றாக வேலை செய்ய, திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பல ரேடியேட்டர்களை மூடினால் தண்ணீர் ஆறாமல் சூடாகவே திரும்பும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஈரம். சோறு வடிக்கிற ஆவி, உள்ளே காயப்போடுகிற துணி, குளிக்கிற ஆவி எல்லாம் போய் ஒட்டுவது வீட்டின் குளிர்ந்த சுவரில். அந்த மூடிய அறையில்தான் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். மூடாதீர்கள், குறைத்து வையுங்கள். கதவைச் சாத்துங்கள், சமையலறை விசிறியைப் போடுங்கள்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து: அந்த அறையில் பூஞ்சணம் இருக்கிறதுதான். அதற்கும் வால்வுக்கும் என்ன?

மேலே இருக்கிற பத்தியை இன்னொரு தரம் வாசியுங்கள், அக்கா.

ஸ்லௌவிலிருந்து: வால்வைத் திருப்பினால் கைப்பிடிக்கு அடியில் சொட்டுகிறது. புதிது வாங்கவா?

அவசரப்படாதீர்கள். கைப்பிடியைக் கழற்றினால் தண்டைச் சுற்றி ஒரு சின்ன நட்டு. அதைக் கால் சுற்று முடுக்குங்கள். நிற்காவிட்டால் இரண்டு முனை வால்வையும் மூடி, அந்த நட்டைத் தூக்கி, டேப்பைக் கயிறுபோல் திரித்துத் தண்டைச் சுற்றிச் செருகி மறுபடி முடுக்குங்கள். இந்த வகை வால்வில் எனக்குப் பிடித்ததே இதுதான். இதைப் பழுது பார்க்கலாம்.

வெம்ப்ளியிலிருந்து: லாக்ஷீல்டை எத்தனை சுற்று திறக்க வேண்டும்?

எண் கிடையாது. பாய்லருக்கு அருகே உள்ளதைக் குறைத்து, தூரத்தில் உள்ளதைக் கூட்டி, எல்லாம் ஒன்றாகச் சூடேறும்வரை பாருங்கள். பழையதைக் கழற்றுமுன் எத்தனை சுற்றில் மூடியது என்று எழுதி வைத்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

ஹேய்ஸிலிருந்து: எந்தக் கம்பெனி நல்லது?

குழாயை அளந்தீர்களா?

ஹௌன்ஸ்லோவிலிருந்து: நாமே மாற்றலாமா, அண்ணா?

மேலே இரண்டு தரம் இருக்கிறது.

ஹேய்ஸிலிருந்து: அளந்துவிட்டேன். 15தான், ஆனால் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்.

அப்படிக் கேளுங்கள். பிளாஸ்டிக்குக்கு உள்ளே அதற்குரிய செருகுகுழல் போட்ட பிறகுதான் ஆலிவ் வளையம். இல்லாவிட்டால் நெரிந்து கழன்று வரும். தரைக்கு மேலே தெரிகிற துண்டுக்குப் பித்தளை நிற உறை விற்கிறார்கள், வெள்ளை மறைந்துவிடும். வால்வுப் பெட்டியில் உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சிலதில் வராது. கம்பெனி எதுவானாலும் உடம்பு பித்தளையா என்று பாருங்கள். மருந்தையும் அதே கடையிலேயே வாங்கிவிடுங்கள்.