கண் முன்னாலேயே இருக்கும் பொருள் சில சமயம் ஏன் தெரிவதில்லை?

கண்ணில் கோளாறு இல்லை. எதைக் காட்ட வேண்டும் என்று மூளை முன்கூட்டியே பாதி முடிவு செய்துவிடுகிறது. 'சிவப்பு அட்டை போட்ட நோட்டு' என்று நினைத்துத் தேட ஆரம்பித்ததும், நெற்றிக்குப் பின்னாலும் உச்சிப் பக்கமும் உள்ள பகுதிகள் பின்மண்டையிலுள்ள பார்வைப் பகுதிக்குத் தகவல் அனுப்புகின்றன. சிவப்புக்கு இயங்கும் நரம்பணுக்கள் உஷாராகின்றன, மற்றவை அடங்கிப்போகின்றன. நோட்டின் அட்டை உண்மையில் நீலமென்றால், கண் அதன்மேல் பட்டும் நழுவிவிடும்.

ஓரிடத்தில் ஏதோ தோன்றும் என்று காத்திருந்தாலே போதும். அது தோன்றும் முன்பே அந்த இடத்துக்கான நரம்பணுக்களில் செயல்பாடு கூடுவது ஸ்கேனில் தெரிகிறது.

பயிற்சி இருந்தால் தப்பலாமா? 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், நுரையீரல் சிடி ஸ்கேனில் சிறு கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், அதில் ஒட்டியிருந்த கொரில்லா படத்தைக் கவனிக்கவே இல்லை. அது சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரிது! தவறவிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை நேராக அதன்மேல் பட்டிருந்தது.

'இருக்காது' என்ற எதிர்பார்ப்பு இன்னும் மோசம். 2005இல் பார்வை ஆய்வாளர் ஜெரமி உல்ஃப் குழு செய்த சோதனையில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7% தவறியது; நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30%.