பழைய சினிமாக் காகிதங்கள்: வடசென்னைச் சேகரிப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

குறைந்த செலவில் பழைய சினிமாப் பொருள்களைச் சேர்க்க விரும்பும் வடசென்னைச் சேகரிப்பாளர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். பொருளை நேரில் பார்க்காமல் விலை சொல்வது முறையாகாது என்பதால், மதிப்பீடு மட்டும் கேட்ட கடிதங்களைச் சேர்க்கவில்லை.

ஐயா, மாதம் 500 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது. எம்.ஜி.ஆர். பட போஸ்டர் ஒன்றாவது வாங்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்? (கல்லூரி மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை)

தம்பி, போஸ்டரிலிருந்து தொடங்க வேண்டாம். போஸ்டர் என்பது மைதாப் பசை தடவிச் சுவரில் ஒட்டுவதற்காகவே அச்சானது. ஒட்டியது மழையிலும் மாட்டின் வாயிலும் போயிற்று. இன்று கிடைக்கும் அசல்கள் பெரும்பாலும் விநியோகஸ்தர் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் ஒட்டப்படாமல் தங்கிப்போனவை. ஆகவே 1950-களையும் 60-களையும் சேர்ந்த பெரிய நடிகர்களின் போஸ்டர் குறைவு, கேட்பவர் அதிகம், போலியும் அதிகம்.

பாட்டுப் புத்தகத்தின் கதை வேறு. தியேட்டரிலேயே சில காசுக்கு விற்ற அதை மக்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில் வைத்தார்கள். அதனால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர்களின் பெயர்கள், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் கதைச்சுருக்கம், பின்னட்டை விளம்பரம், அச்சக முகவரி என ஒரு சிறு புத்தகத்தில் இருக்கும் செய்தி ஒரு போஸ்டரில் இருக்காது.

அதைவிட மலிவானது பிட் நோட்டீஸ், அதாவது படத்தை விளம்பரப்படுத்தக் கொடுத்த ஒற்றைத் தாள். நடிகரை வைத்துச் சேர்த்தால் அவருடைய ரசிகர்கள் எல்லோரும் உங்களுக்குப் போட்டி. நம் பகுதித் தியேட்டர்களை வைத்துச் சேர்த்தால் போட்டியே இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-இல் வெளியானது கினிமா சென்ட்ரலில். தங்கசாலைத் தெருவிலிருந்த அந்த அரங்குதான் பிறகு முருகன் டாக்கீஸ் ஆயிற்று. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்டது பிராட்வே தியேட்டரில். மகாராணி, பிரைட்டன், அகஸ்தியா என்று பெயர் அச்சான ஒரு சிவப்புத் தாள் என்னைப் பொறுத்தவரை ஒரு நட்சத்திரப் போஸ்டரைவிடப் பெறுமதியானது. இது என் சாய்வு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடமுள்ள நோட்டீஸ்களில் நாளும் கிழமையும் இருக்கின்றன, ஆண்டு இல்லை. பாட்டுப் புத்தகங்களில் அதுவும் இல்லை. காலத்தை எப்படிக் கணிப்பது? (இல்லத்தரசி, தண்டையார்பேட்டை)

அம்மா, கிழமை இருந்தால் பாதி வேலை முடிந்தது. ‘ஜனவரி 14 வெள்ளிக்கிழமை முதல்’ என்று ஒரு பொங்கல் நோட்டீஸ் சொன்னால், 1950-க்கும் 1980-க்கும் இடையில் அது 1955, 1966, 1972, 1977 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதிலேயே அகஸ்தியாவின் பெயரும் இருந்தால், அந்தத் தியேட்டர் திறக்கப்பட்டது 1967-இல் என்பதால் முதல் இரண்டும் அடிபட்டுப்போகும். எஞ்சிய இரண்டில் எது என்பதைப் படம் வெளியான ஆண்டு பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பழைய படத்தை மறுபடியும் திரையிட்டிருக்கவும் கூடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பாட்டுப் புத்தகத்தில் முதலில் விலையைப் பாருங்கள். அணாவில் மட்டும் விலை இருந்தால், பத்தின் மடங்கு நாணயமுறை வந்த 1957 ஏப்ரல் 1-க்கு முந்தையது என்று கொள்ளலாம். மாற்றக் காலத்தில் இரண்டு முறையிலும் விலை போட்டவர்கள் உண்டு. ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964 நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது, ஏனெனில் 1964 ஜூன் முதல் ‘நயா’ என்ற சொல் நீக்கப்பட்டது. அடுத்தது அச்சக முகவரி: ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது, ‘சென்னை-1’ என்று மட்டும் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முந்தையவை. மூன்றாவது எழுத்து. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை வைத்த வடிவத்தில்தான் அச்சகங்கள் பொதுவாகக் கோத்தன. பழைய ஈய அச்சுகளை மாற்றப் பணம் இல்லாத சிறு அச்சகங்கள் அதன் பிறகும் அவற்றையே பயன்படுத்தியதால், பழைய வடிவம் இருப்பது மட்டும் பழமைக்குச் சான்றாகாது. ஆனால், 1955-ஆம் ஆண்டின் அசல் என்று சொல்லி விற்கும் புத்தகத்தில் இன்றைய ‘லை’ இருந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போஸ்டர் அசலா நகலா என்று கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? (பெரம்பூர்)

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு பூதக்கண்ணாடி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய லித்தோ அச்சில் எழுத்தின் விளிம்பு சுத்தமாகவும் வண்ணம் நிறைவாகவும் இருக்கும். ஒரு போஸ்டரைப் படமெடுத்து மறுபடி அச்சிட்டால், எழுத்துகள்கூடப் புள்ளிகளாக உடைந்திருக்கும். அடுத்து மடிப்பு. அக்காலப் போஸ்டர்கள் மடித்தே அனுப்பப்பட்டதால், மடிப்புக் கோட்டில் தாள் நைந்து வண்ணம் உதிர்ந்திருக்க வேண்டும். மடிப்பின் நிழல் தெரிகிறது, தடவினால் தாள் வழவழவென்று இருக்கிறது என்றால் அந்த மடிப்பும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. தேநீர் தடவிப் பழுப்பாக்கியதில் நிறம் சீராகப் படர்ந்திருக்கும். காலம் பழுப்பாக்கியதில் விளிம்பு கறுத்தும் நடுப்பகுதி வெளுத்தும் இருக்கும்.

மூர் மார்க்கெட்டில் இவையெல்லாம் கிடைக்கும் என்று அப்பா சொல்வார். இப்போது எங்கே போவது? (ராயபுரம்)

உங்கள் அப்பா சொன்ன மூர் மார்க்கெட் 1985 மே மாதத் தீயில் போய்விட்டது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. பழைய புத்தக வியாபாரிகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள், அங்கே இன்னும் தேடலாம். ஆயினும் என் அனுபவத்தில் நல்ல விலைக்குக் கிடைக்கும் இடம் பழைய பேப்பர் கடைதான். வீடு இடிக்கும்போதும் முதியவர் மறையும்போதும் பரண் காலியாகி, கிலோ கணக்கில் அங்கேதான் வந்து சேருகிறது. கடைக்காரரிடம் ‘சினிமா’ என்று பொதுவாகக் கேட்காமல், ஒரு பாட்டுப் புத்தகத்தையும் பழைய ‘பேசும் படம்’ இதழ் ஒன்றையும் நேரில் காட்டி, இப்படிப்பட்டது வந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்லுங்கள். எடைக்கு மேல் ஒரு தொகை தருவதாக முன்கூட்டியே பேசிவிடுங்கள். காலணா கூடுதலாகத் தராதவருக்காக யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள்.

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும். காகிதங்களை எப்படிக் காப்பது? (வியாசர்பாடி)

2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்தவர்களுக்குத் தரையில் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. இடுப்புக்கு மேல் அலமாரி, அதில் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஆகியவை போதும். காய்ந்த நாளில் மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். இராமபாணப் பூச்சி இருட்டையும் ஈரத்தையும் தேடி வருவது. துருப்பிடித்த ஸ்டேப்பிள் ஊசியைக் கழற்றிவிட்டு நூலால் கட்டுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டுவதும், தாளை லேமினேட் செய்வதும் திருத்த முடியாத சேதங்கள். முதலாவது சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாகும். இரண்டாவதிலிருந்து தாளை மீட்கவே முடியாது.

தாத்தாவின் இசைத்தட்டுகளில் தூசி படிந்திருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? (திருவொற்றியூர்)

கனமாக, தட்டினால் பீங்கான்போல ஒலிக்கும், நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகள் என்றால் கூடாது. அவை அரக்குக் கலவை. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, சற்றே ஈரமான துணியால் பள்ளங்களின் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்துங்கள். செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். எல்.பி. தட்டுக்கான ஊசியால் இவற்றை ஓட்ட வேண்டாம். 78-க்குப் பள்ளம் அகலம் என்பதால் வேறு ஊசி வேண்டும்.

சிறுவயதில் குண்டு பல்பு வைத்துச் சுவரில் காட்டிய பிலிம் துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. வைத்திருக்கலாமா? (கொருக்குப்பேட்டை)

ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். 1950-களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீரால் அணைக்க முடியாது. அந்தச் சொல் இல்லாத, பிசுபிசுத்த, பழுப்பேறிய துண்டுகளை வீட்டில் வைக்காமல் தீயணைப்பு நிலையத்தில் கேட்டு அப்புறப்படுத்துங்கள். சேஃப்டி பிலிமில் வினிகர் வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் படும்படி வையுங்கள்.

கையெழுத்திட்ட சிவாஜி படம் ஒன்று விலைக்கு வருகிறது. நம்பலாமா? (புளியந்தோப்பு)

சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பேனா எழுதியது என்றால் மை படத்தின் மேல் தனியாகப் படிந்து, ஒளியில் வேறாக மின்னும். படத்தோடு சேர்ந்து ஒரே பளபளப்பாக இருந்தால் அது அச்சிட்ட கையெழுத்து. ரசிகர்களுக்கு அனுப்புவதற்காக அப்படி மொத்தமாக அச்சிடும் வழக்கம் இருந்ததால் அதைப் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. சாதாரணப் புகைப்படத்தின் விலையைக் கொடுங்கள்.

வாங்கிய போஸ்டரைப் பனியனில் அச்சிட்டு விற்கலாமா? (மாதவரம்)

நீங்கள் வாங்கியது தாளை மட்டும்தான். படத்தின் மீதும் ஓவியத்தின் மீதும் உள்ள பதிப்புரிமை தயாரிப்பாளரிடமோ வரைந்தவரிடமோ அவர்களின் வாரிசுகளிடமோ இன்னும் இருக்கக்கூடும்; எழுத்துவழி அனுமதி பெறாமல் விற்பனையில் இறங்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெயில் படாத சுவராகப் பாருங்கள்.