நிக்கான் டி5600-க்கு முதல் பிரைம் லென்ஸ்: 35-ஆ, 50-ஆ, 85-ஆ?

கேள்வி: ஊர் மார்த்தாண்டம் பக்கம். நிக்கான் டி5600-ம் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன், இனி தொழிலாகவே செய்ய ஆசை. மண்டபத்துக்குள் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. ஒரு பிரைம் லென்ஸுக்கு (ஜூம் இல்லாத லென்ஸ்) பணம் சேர்த்திருக்கிறேன். எல்லாரும் 50 எம்எம் வாங்கச் சொல்கிறார்கள். வீட்டில் குழந்தையை எடுக்கவும் அதுவே போதுமா?

பதில்: 35 எம்எம் வாங்குங்கள். நிக்கானின் டிஎக்ஸ் (சின்ன சென்சார் கேமராக்களுக்கானது) 35 எம்எம் எஃப் 1.8ஜி உங்கள் கேமராவுக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். 50 வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

50 எம்எம் வாங்கு என்பது பிலிம் காலத்திலிருந்து வரும் அறிவுரை. பிலிம் கேமராவிலும், பிலிம் அளவுக்கே சென்சார் உள்ள இன்றைய புல் பிரேம் கேமராவிலும் அது சரி. உங்களுடையது கிராப் சென்சார், அதாவது அதைவிடச் சின்னது. அதில் 50-ஐ மாட்டினால், புல் பிரேமில் 75 எம்எம் காட்டும் அளவுக்குத்தான் காட்சி கிடைக்கும். 35-ஐ மாட்டினால் ஏறக்குறைய 52. எல்லாரும் புகழும் அந்த 50-இன் பார்வை உங்களுக்கு 35-இல்தான் இருக்கிறது.

மணவறையில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். தாலி கட்டும் நேரத்தில் சொந்தக்காரர்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், பக்கத்தில் வீடியோக்காரர் இருப்பார். உங்களுக்குக் கிடைப்பது 2 மீட்டர் இடைவெளி. அந்தத் தூரத்தில் 50 எம்எம் காட்டும் அகலம் சுமார் 94 சென்டிமீட்டர். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தால் யாராவது ஒருவர் தோள் வெட்டுப்படும். 35 எம்எம் என்றால் 1.34 மீட்டர் கிடைக்கும், இருவரும் அடங்குவார்கள். பின்னால் நகர்ந்து கொள்ளலாமே என்றால், முகூர்த்த நேரத்தில் பின்னால் நகர இடம் ஏது?

அடுத்து புள்ளிகள். உங்கள் கிட் லென்ஸை 55 வரை இழுத்தால் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை; எண் குறைந்தால் துளை பெரிது) 5.6-க்கு மேல் திறக்காது. 1.8 திறக்கும் லென்ஸ் அதைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்; கூட்டினால் புள்ளியும் கூடும்) 6400 கேட்கும் இடத்தில், அதே ஷட்டர் வேகத்தில் 640 போதும். கிட் லென்ஸில் விஆர் இருக்கிறதே என்று நினைக்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், நகர்கிற ஆளை நிறுத்தி வைக்காது. அதற்கு ஷட்டர் வேகம் 1/125 விநாடிக்குக் குறையக் கூடாது.

ஆனால் 1.8 இருக்கிறதே என்று எப்போதும் அதிலேயே எடுக்காதீர்கள். 35 எம்எம்-இல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 13 சென்டிமீட்டர்தான். பெண்ணின் கண்ணில் போக்கஸ் வைத்தால், அரை அடி பின்னால் இருக்கும் மாப்பிள்ளை முகம் மங்கிவிடும். இருவர் என்றால் 2.8, வரிசையாக நின்றால் 4 அல்லது 5.6. மேடையில் குடும்பத்தோடு நிற்கும் குரூப் போட்டோவுக்கு உங்கள் கிட் லென்ஸே போதும். அங்கே பிளாஷ் போடலாம், யாரும் நகரவும் மாட்டார்கள். கிட் லென்ஸை விற்றுவிடாதீர்கள்.

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இதுவரை எடுத்த கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, எந்த எம்எம்-இல் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அப்புறம் கிட் லென்ஸை 35-இல் வைத்து செல்லோடேப் ஒட்டி, ஒரு நிச்சயதார்த்தம் முழுக்க அப்படியே எடுத்துப் பாருங்கள். கால் நகரப் பழகிவிட்டால் பிரைம் உங்களுக்குச் சரிவரும்.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் கவனம். குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று 50 எம்எம் 1.8டி-யைத் தலையில் கட்டிவிடுவார்கள். நல்ல லென்ஸ்தான், ஆனால் அதற்குள் போக்கஸ் மோட்டார் கிடையாது. டி5600 பாடியிலும் கிடையாது. கையால் சுற்றித்தான் போக்கஸ் செய்ய வேண்டும், கல்யாணத்தில் அது நடக்காது. உள்ளே மோட்டார் இருப்பதற்கு அடையாளமாக லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பூஞ்சை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காற்றில் ஈரம் குறைவதே இல்லை. லென்ஸின் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கியதைத் தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அது நிறம் மாறினால் மாற்றுங்கள். முட்டத்திலோ கன்னியாகுமரியிலோ அவுட்டோர் ஷூட் முடித்து வந்தால், கண்ணாடியை உடனே துடைக்க வேண்டாம். முதலில் புளோயரால் ஊதுங்கள். உப்பும் மணலும் இருக்கும்போது துடைத்தால் கீறல் விழும். 35-க்கு 52 எம்எம் யூவி பில்டர் ஒன்று கடற்கரைக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக் குழந்தைக்கு 35-ஐ விட்டால் வேறு லென்ஸ் இல்லை என்பேன். 30 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், சின்ன அறையிலும் இடம் போதும். எடை 200 கிராம்தான். விடியற்காலையில் தோவாளை பூச்சந்தைக்கும், பத்மநாபபுரம் அரண்மனையின் இருண்ட மரக்கூடங்களுக்கும் இதையே எடுத்துப் போகலாம்.

தொழிலில் வருமானம் வந்த பிறகு அடுத்து வாங்க வேண்டியது பிளாஷ். மண்டபத்தில் வெள்ளைக் கூரை இருந்தால் மேலே திருப்பி அடியுங்கள். உயரமான கூரையுள்ள தேவாலயத்தில் அது எடுபடாது. திருப்பலி நேரத்தில் பிளாஷ் போடலாமா என்று பங்குத்தந்தையிடம் முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக 85 எம்எம் எஃப் 1.8ஜி. பீடத்துக்கு அருகே போகாமல், 8 மீட்டர் தள்ளி நின்றே மணமக்களையும் குருவையும் 2.2 மீட்டர் அகலத்துக்குள் எடுத்துவிடலாம். இது புல் பிரேம் லென்ஸ் என்பதால், பின்னாளில் நிக்கானின் இசட் வரிசை கேமராவுக்கு மாறினாலும், பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோ போக்கஸோடு முழுப் பயனும் தரும். 35 டிஎக்ஸும் அதில் வேலை செய்யும். ஆனால் 24 மெகாபிக்சல் புல் பிரேமில் மாட்டினால், படம் ஏறக்குறைய 10 மெகாபிக்சலாகச் சுருங்கிவிடும். அப்படி மாறும்போது 35-ஐ விற்றுவிட்டு, 85-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.