மாயக்காரரும் கூத்துக்காரரும்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் வசிக்கிறேன். போன ஞாயிறு ஆலயத்தில் 'மாயக்காரராகிய வேதபாரகரே! பரிசேயரே! உங்களுக்கு ஐயோ' என்ற வசனத்தை வாசித்தார்கள். மூலத்தில் அந்தச் சொல்லுக்கு மேடை நடிகன் என்று பொருள் என்கிறான் நண்பன். உண்மையா? நம் 'மாய்மாலம்' அதற்கு உறவா? முன்னால் சிரித்துப் பின்னால் பேசும் சக ஊழியரை என்ன சொல்லி அழைப்பது?

தங்கள் பாதம் பணிந்து,
ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது சரி. கிரேக்கத்தில் 'ஹுபோக்ரிதேஸ்'. பதில் சொல்வது என்ற வினையை ஒட்டிய பெயர். ஏதென்ஸில் முகமூடி மாட்டிக்கொண்டு மேடையில் பேசியவனுக்கு அதுதான் பெயர், வசை கிடையாது. சுமார் கி.மு. 449 முதல் நடிகனுக்குத் தனியாகப் பரிசு கொடுத்த ஊர் அது. நீங்கள் கேட்ட வசனம் இருக்கும் மத்தேயு சுவிசேஷத்துக்கு வருவதற்குள் அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது. தமிழில் பெயர்த்தவர்கள் 'நடிகர்' என்று போடாமல் 'மாயக்காரர்' என்று போட்டார்களே, அவர்களுக்கு ஒரு கும்பிடு. ரோமர் நிருபத்தில் 'அன்பு மாயமற்றதாயிருப்பதாக' என்று வருகிற இடத்திலும் மூலத்தில் அதே வேர்தான்.

மாய்மாலத்துக்கும் கிரேக்கத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உங்கள் ஆபீஸ் சங்கதியில் என்னை இழுக்காதீர்கள்.

ஆனால் நாமும் யோக்கியமில்லை. பொய்யனைப் பார்த்து 'வேஷம் போடுறான்' என்கிறோம். யாரையாவது இழிவுபடுத்த 'கூத்தாடி' என்கிறோம். வட ஆற்காட்டில் பிறந்துவிட்டு இப்படிப் பேச வாய் கூச வேண்டாமா? 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது செய்யாறும், கூத்துக்குப் பேர்போன புரிசையும் திருவண்ணாமலைப் பக்கம் போயின. கூத்து எந்த எல்லைக்கல்லையும் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா துரியோதனன் கட்டுவார். இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னாலிருந்து சலங்கை மட்டும் கேட்கும். கிரீடத்தின் நுனி தெரியும். பிறகு அவரே, நான் இன்ன ராஜன் வந்தேன் என்று பாடிக்கொண்டு வெளியே வருவார். யார் யாராக வருகிறார் என்பதை ஊரறியச் சொல்லிவிட்டு வருகிறவன் எப்படி ஐயா மாயக்காரன் ஆவான்?

விடிந்ததும் படுகளம். தொடை பிளந்து கிடக்கும் மண் துரியோதனனைச் சுற்றி ஊரே நிற்கும். எல்லாம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்து, தேங்காயெண்ணெயைத் துணியில் நனைத்து அரிதாரத்தைத் துடைப்பார். காது மடலில் மட்டும் சிவப்பு போகாது. "ராத்திரி அழுதது நெஜமா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"அழுதது துரியோதனன்டா. எனுக்கு முட்டிதான் நோவுது."

அப்பா இறந்தபோது எல்லாரையும்விட உரக்க அழுத உறவுக்காரர் ஒருவர், பதினாறாம் நாள் சட்டைப்பையிலிருந்து ஒரு புரோநோட்டை எடுத்தார். அதில் அப்பாவின் கையெழுத்து, அப்பாவே போட்டிராத அழகில் இருந்தது. கும்பிடுகிற கைக்குள்ளும் ஆயுதம் இருக்கும் என்று சொல்லிவிட்டு, 'ஒன்னார் அழுதகண் ணீரும் அனைத்து' என்று வள்ளுவர் முடிப்பது அன்றுதான் உறைத்தது. அந்த மனிதர் முகத்தில் பவுடர்கூட இல்லை.

அடுத்த கடிதத்தில் 'பாதம் பணிந்து' வேண்டாம். என் பாதத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. உங்கள் பக்கத்தில் இந்த வருஷம் எந்த ஊரில் பாரதக்கூத்து வைக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். திரை பிடிப்பதற்குள் வந்து சேர வேண்டும்.