பைக்குக்கு ஜீபிஎஸ் பூட்டுறது எப்பிடி?

கேள்வி: அண்ணன், நானும் கூட்டாளிமாரும் பைக்கில நாடு சுத்தப் போறம். லண்டன்ல இருக்கிற மச்சான் ஒரு ஜீபிஎஸ் அனுப்புறன் எண்டு சொல்றாரு. எதைப் பாத்து எடுக்க, எப்பிடி கனெக்ஷன் குடுக்க?
- களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: தம்பி, முதல்ல மெப்பைக் கேளுங்க, அங்க விக்கிற செட்டுல கூடுதலா ஐரோப்பா மெப்தான் கிடக்கும். கார்மின் கம்பெனி செட்டு எண்டா ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் எண்ட இலவச இணைய மெப்ல இருந்து இலங்கை மெப்பை சும்மா இறக்கி மெமரி கார்ட்ல போடலாம். காருக்குள்ள வைக்கிற செட்டு வேணவே வேணாம், ஐபிஎக்ஸ்7 எண்ட தண்ணி புகாத தரம் இருக்கணும், அப்பதான் மார்கழி மழைக்குத் தாங்கும், கையுறையோட தொட்டாலும் வேலை செய்யணும், நம்மட வெயிலுக்குத் திரை தெளிவாத் தெரியணும். போனையே பூட்டுவம் எண்டு நினைச்சா, பைக் எஞ்சின் அதிர்வால கேமரா பழுதாகலாம் எண்டு ஆப்பிள் கம்பெனியே 2021ல சொல்லிட்டு.

கனெக்ஷன்தான் முக்கியம். பெட்டரில நேரே குடுத்தா சாவியை எடுத்த பிறகும் கரண்டு இழுக்கும், விடிய ஸ்டார்ட் வராது. ஒரு ரிலே, அதாவது சாவியோட தானா ஓன் ஓஃப் ஆகிற சுவிட்ச், போடுங்க: 30ம் பின்னுக்கு பெட்டரி பிளஸ், அந்த வயர்ல பெட்டரிக்குக் கிட்டவே பியூஸ், 86க்கு சாவி போட்டா மட்டும் கரண்டு வாற பின்பக்க லைட் வயர், 85 ஏர்த், 87 ஜீபிஎஸ்ஸுக்கு. சில செட்டுக்கு 12 வோல்ட் நேரே குடுக்கலாம், யூஎஸ்பி மட்டும் உள்ளதுக்கு 5 வோல்ட்டாக் குறைக்கிற கன்வேட்டர் கட்டாயம், இல்லாட்டி செட்டு எரிஞ்சிடும். வயரைக் கட்டினதும் ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா வெட்டிப் பாருங்க, எங்கயும் இழுபடக் கூடாது.

மஹியங்கனை தாண்டி பதினெட்டு வளைவு மலை ரோட்டுல ஏறக்குள்ள திரையைப் பாக்காதீங்க தம்பி, ஹெல்மெட்டுக்குள்ள புளூடூத் போட்டு குரலை மட்டும் கேளுங்க.