கமா எங்கே, ஏன்? கேட்டவர்களுக்குப் பதில்

இருபது வருடம் புரூஃப் பார்த்தவன் என்பதால் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வாக்கியமும் துணை வாக்கியமும் (இஃப், ஹூ மாதிரி சொல்லோடு வந்து, தனியே நிற்காத பகுதி) சேரும் இடத்து கமா மட்டும் இன்று. அப்பாஸ்ட்ரபி இன்னொரு நாள்.

கே: இஃப் வந்தால் கமா உண்டா?
ப: துணை வாக்கியம் முன்னால் வந்தால் உண்டு: "இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் ஸ்டே". பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம்.

கே: மூச்சு விடும் இடத்தில் கமா என்று எங்கள் வாத்தியார் சொன்னாரே?
ப: ஓடி வந்தவர் மூச்சும் உட்கார்ந்திருப்பவர் மூச்சும் ஒன்றா? மூச்சை நம்பாதீர்கள்.

கே: ஹூ வந்தால்?
ப: இதுதான் நமக்கு உண்மையான சிக்கல். "மதுரையில் இருக்கிற என் அண்ணன்" என்கிறோம். எத்தனை அண்ணன் என்று அந்தப் பெயரெச்சம் சொல்லாது. ஆங்கிலத்தில் கமா சொல்லிவிடும். "மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை" என்று கமா இல்லாமல் எழுதினால், பல சகோதரர்களில் மதுரைக்காரர். "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, இஸ் எ டீச்சர்" என்றால் ஒரே சகோதரர். மதுரை கூடுதல் தகவல். கமா இரண்டும் வேண்டும். முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்த புரூஃப் எத்தனை பார்த்திருப்பேன்!

கே: ஒரு கமாவால் என்ன குடி முழுகிவிடும்?
ப: கனடாவில் ரோஜர்ஸ் என்ற கேபிள் கம்பெனியையும் அலையன்ட் என்ற தொலைபேசிக் கம்பெனியையும் கேளுங்கள். கம்பங்களில் கேபிள் கட்டும் ஒப்பந்தம். ஐந்து வருடம் நீடிக்கும், பிறகு ஐந்தைந்து வருடமாகத் தொடரும், ஒரு வருட நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யாதவரை. "அன்லெஸ்" முன்னால் ஒரு கமா. அதனால் ரத்து உரிமை முதல் ஐந்து வருடத்துக்கும் பொருந்தும் என்று 2006-ல் தொலைத்தொடர்பு ஆணையம் சொல்லிவிட்டது.

கே: அதே ஆணையம் 2007-ல் மாற்றிக்கொண்டதே! மறைக்கிறீர்களே?
ப: மறைக்கவில்லை ஐயா, நீங்கள் முந்திக்கொண்டீர்கள். மாற்றியது ஒப்பந்த வாசகத்தின் பிரெஞ்சுப் பிரதியைப் பார்த்து. அதில் இரண்டு பொருளுக்கு இடமில்லை.

கே: அப்படியானால் கமா மட்டும் போதாது என்றாகிறதே?
ப: சரி, ஒப்புக்கொள்கிறேன். பணம் தொங்கும் ஒப்பந்தத்தில் வாக்கியத்தை இரண்டாக உடைத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த கமா இல்லாவிட்டால் ஒரு வருடச் சண்டையே வந்திருக்காது.

கே: பிகாஸ்?
ப: இஃப் மாதிரியேதான், "நாட்" இல்லாதவரை. "ஹி டிட் நாட் லீவ் பிகாஸ் ஹி வாஸ் ஆங்ரி" என்றால், அவன் போனான், காரணம் கோபமல்ல என்றும் படிக்கலாம். போகவே இல்லை, கோபத்தால்தான் என்றால் பிகாஸுக்கு முன் கமா.

கே: "இட் இஸ் லேட், ஐ ஆம் கோயிங்" சரியா?
ப: தமிழில் செல்லும். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியத்தை வெறும் கமா ஒட்டாது. செமிகோலன் போடுங்கள், அல்லது "சோ" சேருங்கள்.

கே: வென்?
ப: இஃப் பதிலைப் பாருங்கள்.

கே: அன்டில்?
ப: இஃப்.

கே: ஆல்தோ?
ப: இஃ... இல்லை, இது நல்ல கேள்வி. முரணைச் சொல்வதால் பின்னால் வந்தாலும் பெரும்பாலும் கமா உண்டு.

கே: "தி பாய்ஸ் ஹூ ஸ்லெப்ட் லேட், மிஸ்ட் தி பஸ்." வாய்விட்டுப் படித்தேன், அங்கே மூச்சு வாங்குகிறது.
ப: மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். கமாவை எடுத்துவிடுங்கள்.